மலாயாக் கலியாணச் செய்தியும் மானிப்பாய்க் காணி உறுதியும்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். அம்மம்மாவின் தகப்பனார், அதாவது உங்கள் பூட்டனார், யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அங்கே வாழ்ந்த இலங்கையரைப் பற்றிய பழைய தொகுப்பு நூல் ஒன்றில் அவர் பெயரில் அரைப்பக்க வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அதில் ஊர் மானிப்பாய். 1920களின் நடுவில் வந்த சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு கலியாணச் செய்தியும் கிடைத்திருக்கிறது. அதில் மாப்பிள்ளையின் பெயரும் இலாகாவும் அதேதான். ஆனால் ஊர் சங்கானை, தகப்பன் பெயரின் எழுத்துக்கூட்டலும் வேறு. இரண்டும் ஒரே ஆளா, ஒரே ஆள் என்றால் இதை வைத்து ஊரில் உறவைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். நூலின் பக்கத்தையும் பத்திரிகைத் துண்டையும் அருகருகே வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்குப் பதில் வராது. மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும். அது என்ன தாள், எங்கே கிடக்கும் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசிமார் (வழக்கறிஞர்), நொத்தாரிசுமார் (பத்திரம் எழுதி உறுதிப்படுத்துகிறவர்கள்) கந்தோர்களில் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், தேடுகிற வேலையில் என் காலம் போனது. ஒரு காணி விலைக்கு வந்தால் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது குடும்பமும் தானாக வந்து விழும். ஆகவே என் பதில் காணிப் பக்கம் சாய்ந்திருக்கும், அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள். மலாயாப் பக்கத்து அரசாங்கப் பதிவேடுகளை நான் கையால் தொட்டதில்லை. பத்திரிகைகளை இணையத்தில் பார்த்த பழக்கம் மட்டும் உண்டு.

எழுத்துக்கூட்டலில் தொடங்கலாம், அதுதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது. அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். செல்லப்பாவை ஒரு கிளார்க் 'எஸ்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'சிஎச்' போடுவார். கனகசபை 'கே'யிலும் தொடங்கும், 'சி'யிலும் தொடங்கும். முத்துக்குமாரு, அம்பலவாணர், தம்பையா எல்லோருக்கும் இதே கதிதான். ஒரே மனிதர் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் ஒருவிதமாகவும் வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார். எனவே எழுத்து வேறாக இருப்பது அவர் வேறு ஆள் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதும் சாட்சி ஆகாது, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரும் தன் பெயரும்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் கந்தையா மகன் சின்னத்தம்பி, சின்னத்தம்பி மகன் கந்தையா என்று மாறி மாறி வந்துகொண்டிருக்கும். அண்ணனும் தம்பியும் தங்கள் தகப்பன் பெயரையே தங்கள் மூத்த பையனுக்கு வைத்தால் ஒரே வளவுக்குள் (வீட்டுக் காணிக்குள்) ஒரே பெயரில் இரண்டு பேர் வளர்வார்கள். மலாயாவில் பிறந்த பிள்ளைகளின் தலைமுறையில் இன்னொரு குழப்பம்: சில வீடுகளில் பாட்டன் பெயர் குடும்பப் பெயர் போலவே நிலைத்துவிட்டது, சில வீடுகளில் நிலைக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயரில் இருப்பார்கள், தம்பி பிள்ளைகள் வேறு பெயரில் இருப்பார்கள்.

உங்கள் குடும்பத்தில் அமெரிக்க மிஷன் தொடர்பு ஏதும் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். மானிப்பாய் அந்த மிஷனின் முக்கியமான இடம். அச்சுக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருந்தன. 1816இல் வந்த அந்த மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கினார்கள். அங்கே படித்த பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரை வைக்கிற வழக்கம் இருந்தது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், செத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், இருவரும் செமினரியில் படித்த எங்கள் ஆட்கள். 1886இல் தமிழ்ப் புலவர்களைப் பற்றிய பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்றும் பெயர். சிறுப்பிட்டியில் பிறந்து ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரத்தை பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்றுதான் பலரும் அறிவார்கள். தகப்பன் பெயரையும் மகன் பெயரையும் இரண்டு நூல்களில் தனித்தனியாகப் படிக்கிறவருக்கு உறவு இருப்பதே தெரியாது. உங்கள் பூட்டனாரின் தகப்பன், பாட்டன் யாராவது இப்படி ஆங்கிலப் பெயரில் மறைந்திருந்தால் தமிழ்ப் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். மிஷனரிமார் எழுதிய பழைய ஆங்கிலத் தாள்களில் வட்டுக்கோட்டை 'பட்டிகோட்டா', தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி', உடுவில் 'ஊடூவில்' என்று இருக்கும். இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

சரி, வாழ்க்கைக் குறிப்புக்கு வருவோம். இந்த மாதிரித் தொகுப்பு நூல்களில் வருகிற குறிப்புகளைப் பெரும்பாலும் அந்த ஆளோ, அவர் பிள்ளைகளோ, அவர் இருந்த சங்கத்து ஆட்களோதான் எழுதிக் கொடுப்பார்கள். தொகுப்பாளர் அதைச் சரிபார்த்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த ஆண்டு எந்த இலாகாவில் சேர்ந்தார், எங்கே மாற்றலானார், எப்போது பென்சன் வாங்கினார் என்பதை நம்பலாம். அவை அரசாங்கக் கசற்றிலும் (வர்த்தமானியிலும்) இலாகாப் பட்டியல்களிலும் வருகிற விஷயம். பொய் சொன்னால் கூட வேலை பார்த்தவர்களே சிரிப்பார்கள். படித்த பள்ளிக்கூடத்தையும் ஓரளவு நம்பலாம். "பிரபல குடும்பத்தில் பிறந்தவர்" என்கிற வசனத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நாளில் குறிப்பு எழுதிய எல்லோரும் பிரபல குடும்பம்தான். முன்னோரில் ஒருவர் முதலியார் என்றோ உடையார் என்றோ இருந்தால் மட்டும் நின்று பாருங்கள். இலங்கையில் அவை சாதிப் பெயர் இல்லை, அரசாங்கம் கொடுத்த பதவி அல்லது பட்டம். ஆகவே நியமன அறிவித்தல் கசற்றில் இருக்க வேண்டும்; இருந்தால் ஆண்டும் ஊரும் கையில் வந்துவிடும்.

குறிப்பில் இல்லாதவைதான் அதிகம் சிக்கல் தரும். முதல் மனைவி பிரசவத்தில் இறந்து இரண்டாவது கலியாணம் செய்திருந்தால் பல குறிப்புகளில் ஒரு மனைவிதான் இருப்பார். தத்துப் பிள்ளை, சொந்தப் பிள்ளை வித்தியாசம் இருக்காது. மகன்மாரின் பெயரும் உத்தியோகமும் வரும். மகள்மார் "இன்னாரின் மனைவி" என்று வருவார்கள், சில குறிப்புகளில் அதுவும் இல்லை. சாதியிலும் வசதியிலும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களுக்கு இந்த நூல்களில் இடமே கிடைக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டு வரும்போது நூல் தேடச் சொல்வதில் அர்த்தமில்லை; கோயில் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

கலியாணச் செய்தி வேறு வகை. அதில் புகழ்ச்சி குறைவு, உறவு அதிகம். மாப்பிள்ளை எந்த இலாகா, பெண் யாருடைய எத்தனையாவது மகள், எந்த இடத்தில் வைபவம், யார் யார் வந்தார்கள் என்று நாலைந்து வரிக்குள் நிறைய அடங்கிவிடும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பது பெரிய உபகாரம். ஆனால் எந்திரம் வாசித்த எழுத்தில்தான் அந்தத் தேடல் நடக்கிறது. மங்கிய அச்சில் பெயர் சிதைந்துவிடும். பெயரைத் தட்டித் தேடுவதோடு நிற்காமல், மாப்பிள்ளை வேலை செய்த இடம், 'சிலோன்', 'யாழ்ப்பாணத் தமிழர்', 'ரயில்வே', 'திருமணம்' போன்ற சொற்களுக்குரிய ஆங்கிலத்தை இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் தேதி. மலாயாவில் வேலை பார்த்தவர்கள் லீவு எடுத்து ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு மனைவியோடு திரும்பி வருவது வழக்கம். ஒரு செய்தி அவர் புறப்படும்போது வரும், இன்னொன்று திரும்பி வந்தபின் நண்பர்கள் கொடுத்த விருந்தைப் பற்றி வரும். பத்திரிகைத் தேதியைக் கலியாணத் தேதி என்று குடும்ப மரத்தில் எழுதிவிட வேண்டாம்.

செய்தியில் வந்த மற்றப் பெயர்களையும் விடாதீர்கள். மாப்பிள்ளைத் தோழன் பெரும்பாலும் பெண்ணின் சகோதரனாக இருப்பார். எங்கள் பக்கத்தில் மாற்றுச் சம்பந்தம் சாதாரணம்: இந்த வீட்டு அண்ணனும் தங்கையும் அந்த வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுவார்கள். ஆகவே ஒரு கலியாணம் கிடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிடக்கிறதா என்று முன்னும் பின்னும் ஒன்றிரண்டு வருஷம் பார்ப்பது நல்லது. மச்சான் மச்சாள் கலியாணம் என்றால் பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தாயும் கூடப்பிறந்தவர்களாக இருக்கலாம். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் அச்சுப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம்.

இனி விவாகப் பதிவு. இலங்கையில் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடந்த பதிவு என்றால் இருவரின் முழுப் பெயர், வயது, முன்பு மணமானவரா இல்லையா, தொழில், வசிப்பிடம், இரண்டு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும், சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகைச் செய்தியை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர்களே நின்று கையெழுத்து வைத்தது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டு வரம்பு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று: சைவ முறைப்படி நடந்த கலியாணம் பதியாவிட்டாலும் சட்டப்படி செல்லும். அதனால் பலர் பதியவே இல்லை. பென்சன், பாஸ்போர்ட், காணி என்று தேவை வந்தபோது பல வருஷம் கழித்துப் பதிந்தவர்களும் உண்டு. பதிவு இல்லை என்பதால் கலியாணம் நடக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பதிவில் உள்ள தேதி முதல் பிள்ளைக்குப் பிந்தியதாக இருந்தால் அதிலே ஏதோ இரகசியம் இருக்கிறது என்று நினைக்கவும் வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேலை சுலபம், கோயில் பதிவேடு இருக்கும். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த (கலியாணம் நடக்கப் போவதைச் சபையில் அறிவித்த) குறிப்பும் சில இடங்களில் கிடைக்கும்.

நான் முதலில் சொன்ன மூன்றாவது தாள் சீதன உறுதி. யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்பது காணி கைமாறுகிற நேரம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள், ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். முதுசொம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பின் சம்பாதித்தது) என்று சொத்தை அது பிரிக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும். ஆகவே கலியாணத்தைப் பதியாத குடும்பம்கூட சீதனக் காணியை எழுதியிருக்கும். கலியாணத்துக்குச் சாட்சி இல்லாமல் விடுவார்கள், பனங்காணிக்கு விடமாட்டார்கள்.

அந்த உறுதியில் என்ன இருக்கும்? கொடுக்கிற தாய் தகப்பன் பெயர், பெண்ணின் பெயர், பல உறுதிகளில் மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும், எல்லோருடைய ஊரும். காணி எந்தக் கோயிற்பற்றில் (பழைய ஊர்ப் பிரிவில்) இருக்கிறது, காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு, நாலு எல்லையிலும் யாருடைய காணி. அந்தக் காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்றும் எழுதுவார்கள்: "எனக்குச் சீதனமாக இன்ன ஆண்டு இன்ன இலக்க உறுதிப்படி வந்தது" என்று ஒரு வரி. அந்த வரியைப் பிடித்து முந்தைய உறுதிக்குப் போகலாம், அதிலிருந்து அதற்கு முந்தியதற்குப் போகலாம். எல்லைக் காணிக்காரர்கள் பெரும்பாலும் சகோதரங்கள், ஏனென்றால் ஒரு காலத்தில் அது ஒரே காணி. நொத்தாரிசு எழுதிய உறுதியின் மூலப் பிரதி வீட்டில் இருக்கும். தொலைந்திருந்தாலும் இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் தெரியாமல் தடுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று, பழைய தேசவழமைப்படி சீதனம் வாங்கிய மகளுக்குத் தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் உரிமை கிடையாது. ஆகவே தகப்பன் இறந்தபின் ஆண் பிள்ளைகள் எழுதிக்கொண்ட பங்கு உறுதியில் அவள் பெயர் வராது. அதைப் பார்த்து "இவருக்குப் பெண் பிள்ளை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இருந்தாள், முன்னமே சீதனத்தோடு போய்விட்டாள், அவ்வளவுதான். மற்றது உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. தாயின் சீதன வீடு மகளுக்குப் போவதுதான் வழமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரே வீட்டில் ஆண் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும், பெண் வழி மாறாது. சங்கானையில் பிறந்து மானிப்பாயில் கட்டியவரை, மலாயாவில் பென்சன் எடுத்து வந்தபின் எல்லோரும் மானிப்பாயார் என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஊரும் ஒரே ரோட்டில், இடையில் சண்டிலிப்பாய் மட்டும்தான். கலியாணத்தின்போது வந்த செய்தி பிறந்த ஊரையும், பல வருஷம் கழித்து எழுதிய குறிப்பு குடியிருந்த ஊரையும் சொல்லியிருந்தால் இரண்டும் சரியாகவே இருக்கும். உங்களுடைய ஊர் முரண்பாடு இப்படித்தான் தீரும் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம். செய்தியில் உள்ள பெண்ணின் தகப்பனுக்கு மானிப்பாயில் வளவு இருந்தது என்று ஓர் உறுதி காட்டினால்தான் அது நிச்சயம் ஆகும்.

உறுதிக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது கல்வெட்டு. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு அன்று வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். தேவாரம், வெண்பா எல்லாம் தாண்டிப் போனால் வாழ்க்கை வரலாறும், சிலவற்றில் வம்சாவளிப் படமும் இருக்கும். அதை எழுதுகிறவர் உறவுக்காரர் கையில் அதைக் கொடுக்க வேண்டும். ஒரு மச்சாளின் பெயர் விடுபட்டாலும் அன்றைக்கே கேள்வி வரும். அதனால் உயிரோடு இருந்த தலைமுறையும் அதற்கு முந்திய தலைமுறையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேலே போகப் போகக் கதை கலக்கும். வன்னியரிடமும் சோழரிடமும் போய் முடிகிற வம்சாவளிகளை ரசித்துவிட்டு வைத்துவிடலாம். இப்படிப்பட்ட நினைவு மலர்கள் நிறைய நூலகம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பூட்டனாரின் பெயரில் மட்டும் தேடாமல் பூட்டியின் சகோதரர்கள் பெயரிலும் தேடுங்கள். பத்திரிகை மரண அறிவித்தலும் இதே மாதிரி உதவும்: "இன்ன தம்பதிகளின் கனிஷ்ட புத்திரனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மைத்துனரும்" என்று ஒரே வசனத்தில் முழுக் குடும்பமும் நிற்கும்.

எல்லாம் கிடைக்கும் என்று ஆசை காட்டவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பழைய பத்திரிகைகளும் அதில் அடக்கம். 1995 ஒக்டோபரில் போரினால் வலிகாமத்துச் சனம் (மானிப்பாய், சங்கானை எல்லாம் அந்தப் பகுதிதான்) கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறியது. அப்போது பலர் காணி உறுதியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள், அதனால்தான் வேறு தாள் இல்லாத வீட்டிலும் உறுதி கிடைக்கிறது. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஒரு சித்தி வீட்டு அலுமாரியில் உங்கள் பூட்டியின் சீதன உறுதி இன்றைக்கும் இருக்கக்கூடும். தூதரகத்துக்கும் திணைக்களத்துக்கும் எழுதும் முன் குடும்பத்துக்குள் கேளுங்கள். கேட்கும்போது காணி விற்கிற நோக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அலுமாரி திறக்காது.

இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்துச் சொன்னால்: பெயர் பொருந்துகிறது, இலாகா பொருந்துகிறது, ஊர் பொருந்தக்கூடியது. ஒரே ஆளாக இருக்கலாம். நிச்சயம் என்று நான் எழுத மாட்டேன். உங்கள் அம்மம்மா எங்கே பிறந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. பிரசவத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்புவது அந்த நாளில் நடந்ததுதான்; அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் பிறப்புப் பதிவில் தாயின் கலியாணத்துக்கு முந்திய பெயர் இருக்கும். அந்தப் பெயரில் வரும் தகப்பன் பெயரும், பத்திரிகையில் உள்ள பெண்ணின் தகப்பன் பெயரும் ஒன்றாக வந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வேறாக வந்தால் உடனே கைவிட வேண்டாம். முதல் கலியாணமா, இரண்டாவதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு விவாகப் பதிவில் 'முன்பு மணமானவரா' என்ற நிரல் உதவும். பெயர் ஒத்துவந்த பிறகு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். போகும்போது ஆளின் பெயரோடு காணியின் பெயரும் வேண்டும், ஏனென்றால் அங்கே புத்தகம் காணி வாரியாகத்தான் ஓடுகிறது. வளவின் பெயர் என்னவென்று வீட்டில் உள்ள வயதானவர்களை இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள். "கிணத்தடி வளவு", "புளியடி" என்று அரைகுறையாக வந்தாலும் போதும். அது கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், எந்தக் கோயிற்பற்றில் தேடுவது என்று பார்த்துச் சொல்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் உறுதி இலக்கத்தையும் மட்டும் பொதுவில் போட வேண்டாம்.